பெற்றோரும் உபாத்தியாயரும்

சைவ உபாத்தியாயர்களே, பிள்ளைக்குக் கல்வியூட்டுதல் வித்தியாசாலை ஒன்றாலே முற்றுப்பெறுவதன்று. வீட்டாருந் துணைநின்றாலன்றிப் பயன்படாது. ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்கள் 1848ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்து, வேதனம் பெறாது கற்பித்தார்கள். அதனைப் பேணுதற்கு இல்லங்களில் எடுத்துவைத்த பிடியரிசியும் உதவிற்று. பிடியரிசி கொடுத்த தாய் அவ்வித்தியாசாலையைத் தன்னதென்றே எண்ணியிருப்பாள்.

ஆயின், பெற்றோர் விரும்புவதெல்லாஞ் செய்தலே அவரோடு ஒத்துழைத்தலாகுமோ? 1930ஆம் ஆண்டையொட்டி, உதவிப்பணம் பெறும் பாடசாலைகளிலே எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் அளித்தல் வேண்டுமென அரசினர் விதித்தபோது, யாழ்ப்பாணத்திலே பெற்றோர் பலர் எதிர்த்தனர். சில பாடசாலைகள் தீக்கிரையாயின. எதிர்த்தாரும் பெற்றோரே, நிலத்தில் இருத்தப்பட்ட பிள்ளையைப் பெற்றாரும் பெற்றோரே. முன்னவர் சொல் யாவர்க்குங் கேட்டது. பின்னவர் சொல்லைக் கேட்பாரிலர்.

ஒருசாரார் சொல்லை மாத்திரங் கேட்டு, அதுவே பெற்றோர் கருத்தென்பது நடுவுநிலைமையன்று. சிவபெருமான் எவ்வுயிர்க்கும் அம்மையப்பரென்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நாம், அவ்வம்மையப்பரின் பிள்ளைகளுள் வேற்றுமை காட்டுதல் எங்ஙனம் பொருந்தும்?

ஆதலின், பெற்றோர் கூட்டத்துக்கு வாராதாரை அசட்டை செய்தாரென்று இகழாதீர்கள். கூலிவேலையால் வரவியலாதார் உளர். வந்தால் எங்கே இருப்பதென்று அஞ்சுவாரும் உளர். அவர் படலையைத் திறந்து நாமே செல்லல் வேண்டும். அவர் தரும் நீரை வாங்கி அருந்தல் வேண்டும். பிள்ளையின் குற்றங் கூறுமுன் நற்குணமொன்றைக் கூறல் வேண்டும். இதற்குத் திருவருள் துணைசெய்வதாக.