ரெண்டே ரெண்டு சொட்டு

உங்கள் வீட்டு அலமாரியைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். ஊட்டிக்குப் போனபோது வாங்கிய யூகலிப்டஸ் தைலம் ஒரு பாட்டில் இருக்கும். சிங்கப்பூரிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்த கோடாலித் தைலம் பாதி தீர்ந்து கிடக்கும். தாத்தாவின் மூட்டுவலிக்கு விண்டர்கிரீன், பல்வலிக்குக் கிராம்புத் தைலம், பூஜை அலமாரியில் சூடம். காலேஜ் படிக்கிற பெண் இருந்தால் லாவண்டர், டீ ட்ரீ என்று குட்டிக் குட்டியாக நாலைந்து பாட்டில்கள். கூடவே, ராத்திரியில் புஸ்ஸென்று புகை விடும் டிஃப்யூஸர் ஒன்று.

இதில் எதையாவது மருந்து என்று நினைத்து வாங்கினீர்களா? விஷம் என்று நினைத்தாவது? ரெண்டும் இல்லை. அது பாட்டுக்கு இருக்கும், நம் வீட்டு வாசனை. பாராசிட்டமால் சிரப்பைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வைக்கிற அதே அம்மா, யூகலிப்டஸ் பாட்டிலைத் தலைமாட்டிலேயே வைத்துவிட்டுத் தூங்குகிறார். சிரப்புக்கு 'எத்தனை எம்.எல்., டாக்டர்?' என்று ரெண்டு தடவை கேட்டவர், தைலத்துக்கு யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. எதற்குக் கேட்கணும்? இயற்கைதானே!

இந்தத் 'தானே' இருக்கிறதே, அதைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களோடு பேச வேண்டும்.

நம் பாட்டிகள் சளிக்கு நொச்சி இலையை வெந்நீரில் போட்டு ஆவி பிடித்தார்கள். கற்பூரவல்லி இலையை வாட்டிப் பிழிந்தார்கள். ஓமத்தைக் கொதிக்க வைத்துத் தண்ணீரைக் கொடுத்தார்கள். அந்த இலையிலும் விதையிலும் இதே வகை எண்ணெய்கள்தான் இருக்கின்றன. ஆனால் கொஞ்சூண்டு. நூறு கிலோ யூகலிப்டஸ் இலையைக் காய்ச்சி வடித்தால் கிடைப்பது ஒன்று, ரெண்டு கிலோ தைலம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு டீஸ்பூன் தைலத்துக்குள் கால் கிலோவிலிருந்து அரைக் கிலோ வரை இலை அடங்கிவிடுகிறது. எந்தப் பாட்டியும் பேரனுக்கு அரைக் கிலோ இலையை ஒரே வாயில் புகட்டியதில்லை.

நாம் செய்த காரியம் என்ன தெரியுமா? இலையை விட்டுவிட்டோம். இலைமேல் வைத்திருந்த நம்பிக்கையை மட்டும் பத்திரமாகப் பெயர்த்தெடுத்து பாட்டில்மேல் ஒட்டிவிட்டோம்.

இதில் ஒரு வேடிக்கை வேறு. 'காலங்காலமா நம்மாளுங்க உபயோகிச்சது' என்கிறோமே, அந்த யூகலிப்டஸ் மரம் ஆஸ்திரேலியாக்காரன். நீலகிரியில் வெள்ளைக்காரர்கள் அதை நட ஆரம்பித்தது 1840-களில். சூடமோ, இன்று பெரும்பாலும் பைன் மரத்து டர்பன்டைனிலிருந்து ஃபேக்டரியில் தயாராவது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஃபேக்டரிச் சூடம் ஏற்றினால் சாமி ஒன்றும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. ஆனால் 'இயற்கை', 'பாரம்பரியம்' என்ற ரெண்டு வார்த்தைகளைக் கேட்டதும் 'எவ்வளவு?' என்ற கேள்வி நம் வாயிலேயே செத்துப்போகிறது பாருங்கள், அதுதான் எனக்குக் கவலை.

கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும்? யூகலிப்டஸின் சொந்த ஊரிலேயே கேட்போம். மெல்போர்னில் உள்ள குழந்தைகள் மருத்துவமனையில், 1981-லிருந்து 1992 வரை இந்தத் தைலத்தைக் குடித்துவிட்டு அட்மிட் ஆன 109 குழந்தைகளின் விவரத்தை 1995-ல் வெளியிட்டார்கள். பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு ஏதாவது ஒரு பாதிப்பு. சிலர் நினைவு மங்கிக் கிடந்தார்கள். சின்னக் குழந்தைக்கு ஒரு டீஸ்பூன் போதும், அரை மணி நேரத்துக்குள் தள்ளாடிக் கண் செருக ஆரம்பித்துவிடும்.

விண்டர்கிரீன் இன்னும் மோசம். அது கிட்டத்தட்ட முழுக்க முழுக்க ஆஸ்பிரினின் நெருங்கிய சொந்தக்காரச் சரக்கு. ஒரு டீஸ்பூனில் இருபது ஆஸ்பிரின் மாத்திரைக்கு மேல் அடங்கியிருக்கிறது. மிட்டாய் வாசனை வேறு. தாத்தாவின் கட்டிலடியில் மூடி சரியாகப் போடாமல் நிற்கிற அந்த பாட்டிலைத் தவழ்கிற குழந்தை எடுத்தால் என்ன ஆகும் என்று நான் விவரிக்க வேண்டாம்.

சூடத்தைச் சொல்லாமல் விட முடியாது. பூஜைத் தட்டில் பக்கத்துப் பக்கத்தில் வெள்ளையாக ரெண்டு சாமான் இருக்கின்றன. ஒன்று கற்கண்டு, இன்னொன்று சூடம். பெரியவர்களுக்கே விளக்கு வெளிச்சத்தில் தடுமாறும். ரெண்டு வயதுக் குழந்தைக்கு எப்படித் தெரியும்? சூடம் விழுங்கினால் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். ஒரு கிராம் அளவே சின்னக் குழந்தையின் உயிரைக் குடித்திருக்கிறது. அமெரிக்காவில் கற்பூர எண்ணெயை 1982-லேயே விற்பனையிலிருந்து எடுத்துவிட்டார்கள். மற்ற தைலங்களில் கற்பூரம் 11 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பும் கட்டினார்கள். அப்படியும் 2009-ல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் மூன்று குழந்தைகளுக்குக் கற்பூரத்தால் வலிப்பு வந்ததை மருத்துவர்கள் எழுதினார்கள். அங்கேயும் நம்மைப் போலவே சளிக்கு, பூச்சிக்கு, சாமிக்கு என்று கற்பூரம் வைத்திருக்கிற குடும்பங்கள் நிறைய.

'குடிச்சாத்தானே சார்? நாங்க தடவத்தானே செய்யறோம்' என்பீர்கள். மறுபடியும் தானே! பெங்களூர் பக்கத்து நரம்பியல் மருத்துவர்கள் சிலர், வலிப்பு வந்த பெரியவர்களிடம் ஒரு விசித்திரமான கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். 'வலிப்புக்கு முன்னாடி ஏதாவது தைலம் போட்டீங்களா?' 2021-ல் வெளியான அவர்களது ஆய்வில் 350 பேரில் 55 பேருடைய வலிப்புக்கு யூகலிப்டஸ், கற்பூரம் கலந்த சரக்குகளோடு தொடர்பு தெரிந்தது. சிலருக்கு அதற்கு முன் வலிப்பே வந்ததில்லை. இவ்வளவு நாள் இது ஏன் கண்ணில் படவில்லை? 'என்ன மருந்து சாப்பிடறீங்க?' என்று டாக்டர் கேட்டால் நாம் தைலத்தைச் சொல்ல மாட்டோம். அது மருந்தே இல்லையே நமக்கு!

பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. கோடிக்கணக்கான நெற்றிகளில் தினமும் தைலம் ஏறுகிறது, தலைவலி போகிறது, எல்லோரும் மறுநாள் ஆபீஸ் போகிறார்கள். ஒரு பெரிய ஆள் தன் நெற்றியில் தானே தடவிக்கொள்வதைப் பற்றி எனக்கு ஆட்சேபமே கிடையாது. எரிந்தால் துடைத்துக்கொள்வார். பிடிக்காவிட்டால் எழுந்து போவார். என் விசாரம் அடுத்தவர் உடம்பைப் பற்றியது. அதுவும் 'எரியுது, வேண்டாம்' என்று சொல்லத் தெரியாத உடம்பு. ஆறு மாதக் குழந்தையின் மூக்கடியில் தைலம் வைத்தால் அது அழும். அழுவது சளியாலா, தைலத்தாலா? யாருக்குத் தெரியும்! அழுகிறதே என்று இன்னும் கொஞ்சம் வைப்பார்கள்.

இங்கே ஒரு நுட்பமான சங்கதி இருக்கிறது. மெந்தால் தடவினால் மூக்கு திறந்துகொண்ட மாதிரி இருக்கிறதே, அது 'மாதிரி'தான். மூக்கினுள் குளிர்ச்சியை உணரும் நரம்புகளை அது தட்டி எழுப்புகிறது. காற்று தாராளமாகப் போவதாக மூளை நினைத்துக்கொள்கிறது. அடைப்பு அப்படியேதான் இருக்கிறது. பெரியவர்களுக்கு அந்த நினைப்பே சுகம், தூக்கம் வந்துவிடும். சின்னஞ்சிறு மூச்சுக்குழாய்க்கோ அந்தக் காரம் தாங்காது. உறுத்தலில் சளி இன்னும் கூடலாம், குரல்வளை இறுகலாம், ஒரு கணம் மூச்சே நிற்கலாம். ரெண்டு வயதுக்குக் கீழே கூடாது என்று கற்பூரம் கலந்த தைல டப்பாக்களில் பொடி எழுத்தில் போட்டிருப்பது இதற்காகத்தான்.

அப்படியானால் ராத்திரி ரெண்டு மணிக்கு அந்தத் தைலம் யாருக்காக?

கோபித்துக்கொள்ளாமல் யோசியுங்கள். குழந்தை மூக்கடைத்துக்கொண்டு கர்கர் என்கிறது. வீடே முழித்திருக்கிறது. சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதைப் போல ஒரு கொடுமை உலகத்தில் இல்லை. கை பரபரக்கிறது. தைலத்தைத் தேய்த்தால் வாசனை கிளம்புகிறது, அறை முழுக்க 'ஏதோ வைத்தியம் நடக்கிறது' என்ற நிம்மதி பரவுகிறது. குழந்தைக்குக் குணமாகிறதோ இல்லையோ, நமக்குக் கொஞ்சம் குணமாகிவிடுகிறது. 2021-ல் கொரோனா ரெண்டாவது அலையில் ஓமம், கிராம்பு, சூடம், யூகலிப்டஸ் எல்லாவற்றையும் துணியில் முடிச்சுக் கட்டி முகர்ந்தால் ஆக்ஸிஜன் ஏறும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றியதே, ஞாபகம் இருக்கிறதா? ஆக்ஸிஜன் ஏறவில்லை. ஆனால் எத்தனை வீடுகளில் கட்டினார்கள்! கையாலாகாத நேரத்தில் கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது.

அது தப்பா? தப்பென்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. அந்தப் பரபரப்புக்குப் பெயர்தான் பாசம். ஆனால் வள்ளுவர் மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறளில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார். நோயாளி, வைத்தியன், மருந்து, பக்கத்திலிருந்து கொடுப்பவர் - இந்த நாலும் சேர்ந்ததுதான் மருத்துவமாம். கொடுப்பவரை வெறும் வேலையாளாக அவர் வெளியே நிறுத்தவில்லை, கால் பங்கு கொடுத்து உள்ளே உட்கார வைக்கிறார். கால் பங்கு என்றால் பெருமையிலும் கால் பங்கு, பொறுப்பிலும் கால் பங்கு. 'நல்லதுதானே நினைச்சேன்' என்பது பெருமைக்குப் போதும். பொறுப்புக்குப் போதுமா? பாசத்தோடு கொடுத்தாரா, அலட்சியமாகக் கொடுத்தாரா என்று கற்பூரம் விசாரிப்பதில்லையே.

சரி, இதைப் பாட்டியிடம் யார் சொல்வது? இங்கேதான் பிரச்னை சூடு பிடிக்கிறது. மருமகள் சொன்னால், 'உன் புருஷனை இதே தைலத்தைத் தேய்ச்சுத்தான் வளர்த்தேன். அவன் என்ன கெட்டா போயிட்டான்?' என்று பதில் வரும். இந்த வாதத்தில் ஒரு ஓட்டை உண்டு. பிழைத்தவர்கள் மட்டும்தான் சாட்சிக் கூண்டில் ஏறுகிறார்கள். அந்தக் காலத்தில் 'மாந்தம் இழுத்துக்கிச்சு' என்று ஒரே வரியில் முடிந்துபோன குழந்தைகளில் எத்தனை பேருக்கு எது காரணம் என்று யார் கணக்கெடுத்தார்கள்? ஆனால் இதை மாமியாரிடம் இப்படியே சொல்லிப் பாருங்கள், அன்றைக்கு அடுப்பு எரியாது. மகன் சொல்ல வேண்டும். அவன்தான் 'எதுக்கும்மா வம்பு' என்று பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்கிறான். குழந்தையின் மூச்சைவிட வீட்டின் அமைதி பெரிதாகிவிடுகிற இந்த இடம்தான் எனக்குத் தைலத்தைவிடப் பயமாக இருக்கிறது.

இளசுகளும் தப்பிக்க வேண்டாம். டிஃப்யூஸர் வைத்திருக்கிற பெண் பாட்டியின் சூடத்தைப் பார்த்துச் சிரிக்கிறாள். அதே அறையில் ஆஸ்துமாக்கார அப்பா ராத்திரி பூராவும் இருமுகிறார். வாசனையை அவள் தேர்ந்தெடுத்தாள். அவர் தேர்ந்தெடுக்கவில்லை, மூச்சு மட்டும் விட்டார்.

அவசரத்துக்கு ஒன்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை தைலத்தையோ சூடத்தையோ விழுங்கிவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுப்பது, தொண்டையில் விரல் விடுவது எதுவும் கூடாது. வாந்தியோடு எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் அது இன்னொரு ஆபத்து. 'நல்லாத்தானே விளையாடறான்' என்று காத்திருக்கவும் வேண்டாம். 108-க்குப் போன் செய்துவிட்டு, அந்த பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். உள்ளே என்ன இருந்தது, எவ்வளவு காலி என்று டாக்டருக்கு அதுதான் சொல்லும்.

தெரிந்த பாட்டி ஒருவரிடம் இதையெல்லாம் பக்குவமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில், 'எல்லாம் சரி தம்பி, தேய்க்காதே, வைக்காதேன்னா ராத்திரி குழந்தை மூக்கடைச்சு அழறப்போ நான் என்னதான் பண்றது?' என்றார். நியாயமான கேள்வி. வேலையைப் பிடுங்கினால் வேறு வேலை கொடுக்க வேண்டுமல்லவா? மெடிக்கல் ஷாப்பில் சலைன் சொட்டு மருந்து என்று கேளுங்கள், வெறும் உப்புத் தண்ணிதான், மூக்கில் விட்டுவிட்டு மடியில் கொஞ்சம் நிமிர்த்தி வைத்துக்கொள்ளுங்கள், நெஞ்சு உள்ளே குழி விழுந்து மூச்சு வாங்கினாலோ பால் குடிக்காவிட்டாலோ உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள் என்றேன்.

வாங்கியும் வந்துவிட்டார். மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். வாசனையே இல்லை. 'இதெல்லாம் ஒரு மருந்தா!' என்றார்.