காப்பவன் பாதம்

கோயில் கல்வெட்டுகளில் கடைசி வரியைத் தேடிப் படிப்பது என் வழக்கம். நிலம் இவ்வளவு, பொன் இவ்வளவு, விளக்குக்கு நெய் இவ்வளவு என்று கொடையை அடுக்கிய பிறகு, பல கல்வெட்டுகளில் கொடுத்தவரே பணிந்து முடிக்கிறார்: இந்தத் தர்மத்தைக் காப்பவருடைய பாதம் என் தலைமேல் இருக்கட்டும் என்று. கொடுத்தவரைவிடக் காப்பவர் உயர்ந்தவர் என்று ஒப்புக்கொள்ளும் வரி அது.

சென்னையில் பாதாளச் சாக்கடைப் பராமரிப்பில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். அதனால் ஒரு கேள்வி என்னை விடுவதில்லை. காக்கிற அந்தத் தர்மம் கோயில் மதிலோடு முடிந்துவிடுகிறதா? தெருவுக்கு அடியில் ஓடும் குழாயைக் காப்பவனுக்கு அதில் பங்கு கிடையாதா?

இந்த நகரத்துக்கு 1910 வாக்கில் வகுத்த கழிவுநீர்த் திட்டம், 1961இல் இங்கே சுமார் 6.6 லட்சம் பேர் வாழ்வார்கள் என்று கணக்கிட்டது. 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலோ 17 லட்சத்தைத் தாண்டிவிட்டது. அதன் பிறகு எத்தனையோ குழாய்கள் புதிதாகப் பதிக்கப்பட்டாலும், பழைய பகுதிகளில் முதுமை நீங்கவில்லை. பீங்கான் குழாயின் இணைப்பில் மரவேர் நுழையும். கான்கிரீட் குழாய்க்கு வேறு வியாதி. தேங்கிய கழிவிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு குழாயின் உச்சியில் கந்தக அமிலமாக மாறி, மேலிருந்து அரித்துக்கொண்டே வரும். ஒருநாள் சாலை உள்வாங்கும்போதுதான் ஊருக்குத் தெரியும்.

மனிதனையும் அந்த வாயுதான் கொல்கிறது. முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. 'வாடை போயிருச்சு சார், இறங்கலாம்' என்று ஒருவர் சொல்லும் நேரம்தான் மிக ஆபத்தான நேரம்.

ஓய்வுக்குப் பிறகு நான் போகும் கீதை வகுப்பில் நண்பர் ஒருவர், 'அடைப்பு எடுப்பவன்தான் உண்மையான கர்மயோகி, பலனை எதிர்பாராதவன்' என்றார். பாதி சரி. அடைப்பை நீக்கிய தெருவில் எதுவுமே நடக்காது; அந்த எதுவும் நடக்காமைதான் வேலையின் பலன். அதற்குக் கல்வெட்டும் கிடையாது, கைதட்டலும் கிடையாது. ஆனால் பலனைத் துறக்கும்படி ஒருவன் தனக்குத்தான் சொல்லிக்கொள்ள முடியும். குடும்பம் நடத்தக் கூலிக்கு வருகிறவனைப் பார்த்து அதைச் சொன்னால் அது உபதேசம் ஆகாது. சுரண்டலுக்கு விபூதி பூசுவது.

உரிய பாதுகாப்பில்லாமல் சாக்கடைக்குள் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகையை உயர்த்த வேண்டியிருந்தது என்பதே நம் நிலையைச் சொல்லும். இறங்கியவர்கள் எந்தச் சாதியில் பிறந்தவர்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். கோயிலில் புல் செதுக்கிய அப்பர் கையிலிருந்த உழவாரத்தைக் கும்பிடுகிற நாம், இவர்கள் கையிலிருந்த மூங்கில் பிளாச்சைத் தீட்டு என்று ஒதுக்கினோம். இரண்டும் ஊரைச் சுத்தம் செய்த கருவிகள்தாம்.

காப்பது எப்படி என்பதற்கும் முன்னோரிடமே வழி இருக்கிறது. சோழர் காலத்தில் ஒரு நந்தாவிளக்கின் நெய்க்காக 96 ஆடுகள் விடுவார்கள். பொறுப்பேற்ற இடையர், சாகிற ஆட்டுக்குப் பதில் குட்டியை வளர்த்து எண்ணிக்கையைக் குறையாமல் வைத்திருப்பார், விளக்கு அணையாது. நகரத்துக் குழாய்க்கும் அந்தக் கணக்குதான் வேண்டும். ஆண்டுதோறும் கேமரா விட்டுப் பார்த்து, தேய்ந்த நீளத்தை அந்தந்த ஆண்டே மாற்ற வேண்டும், அல்லது உள்ளே பிசின் உறை போட்டு இறுக்க வேண்டும். உடைந்தபின் ஓடுவது பராமரிப்பு ஆகாது.

கும்பாபிஷேக நன்கொடைச் சீட்டு வந்தால் தாராளமாகக் கொடுங்கள். அதே கையோடு கழிவுநீர் வரியையும் பாக்கியில்லாமல் கட்டுங்கள். மொட்டைமாடி மழைநீரைச் சாக்கடையில் இணைத்திருந்தால் இந்த மழைக்கு முன் பிரித்துவிடுங்கள். நாப்கினையும் சமையல் எண்ணெயையும் உள்ளே தள்ளாதீர்கள். உங்கள் தெருவில் மூடியைத் திறந்து ஒரு மனிதர் இறங்கப் போனால், குறுக்கே நின்று தடுத்து, இயந்திரத்தை வரவழையுங்கள். அவர் பாதத்தை நம் தலைமேல் வைக்கக்கூட வேண்டாம். அது தரையில் இருந்தால் போதும்.