ரிப்பீட் ஆர்டர்

திருப்பூர் பக்கம் மங்கலத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தறிக்குடோனில் ராத்திரி ஷிப்டு ஓட்டும் பையன் காதில் எப்போதும் 'அகம்' குழுவின் பாட்டுத்தான். பாவு நூல் அறுந்தால் தறியை நிறுத்திக் குனிந்து முடிச்சுப் போடுவான். அப்போதும் தலை தாளத்துக்கு ஆடும்.

கர்நாடக இசையை ராக்கோடு இழைக்கும் பெங்களூருக் குழு அது. பகலில் வேலை, மிச்ச நேரத்தில் ஒத்திகை என்று வளர்ந்தவர்கள். முதல் ஆல்பம் 2012இல். பேர் கிடைத்தது. சூட்டோடு சூடாக அடுத்ததை இறக்கியிருக்கலாம். ஆனால் இரண்டாவது ஆல்பமான 'எ ட்ரீம் டு ரிமெம்பர்' வந்தது 2017இல்தான். ஐந்து வருஷம்!

திருப்பூர்க்காரர்களுக்கு இந்த நிதானம் புரியும். சாம்பிள் பீஸைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தைப்போம். ஆனால் கம்பெனியின் தரம் தெரிவது ரிப்பீட் ஆர்டரில்தான்; இரண்டாவது ஆல்பமும் அப்படித்தான்.

தியாகராஜரின் நளினகாந்திக் கீர்த்தனையைக் கிடாரும் டிரம்ஸும் சூழ குழுவின் பாடகர் ஹரீஷ் சிவராமகிருஷ்ணன் பாடியதைக் கேட்டு முகம் சுளித்தவர்கள் உண்டு. சபா வாசலை மிதிக்காத பிள்ளைகள் அந்த ராகத்தை முணுமுணுத்ததும் உண்டு. எனக்கு இந்தப் பிள்ளைகள்தான் பெரிதாகப் படுகிறார்கள்.

"அப்படி என்னப்பா இருக்கு அதுல?" என்று நேற்று அந்தப் பையனிடம் கேட்டேன்.

"இத்தன தறிச் சத்தத்துலயும் வயலின் தனியாக் கேக்குதுங்ண்ணா" என்றான்.