அளவை மறைத்த உண்மை

இமயத்து இளஞ்சிவப்பு உப்பாம்! 84 தாதுக்கள் கொண்டதாம்! நோய் தீர்க்குமாம்! அது பெரும்பாலும் வெட்டப்படுவதோ பாகிஸ்தானின் பஞ்சாபில், கேவ்ரா சுரங்கத்தில். நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் சோடியம் குளோரைடு. சிவப்போ இரும்பு ஆக்சைடு தந்த நிறம்.

"தாதுக்கள் உண்டென்பது பொய்யா?" என்பர் வணிகர். உண்டு, ஆனால் அணுவளவு! நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாகவே உப்பு உண்ணச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அச்சிறு அளவில் சத்துத் தேடுவது கானலில் நீர் தேடுவதாகும். இரத்தக் கொதிப்புள்ளவர் இதை மருந்தென நம்பி மிகுதியாக உண்டால், கேடு யாருக்கு? கழுத்துக்கழலையைத் தடுக்கும் அயோடின் உப்பை இதற்காகக் கைவிட்டால், இழப்பு யாருக்கு? விற்றவனுக்கன்று, நம்பியவனுக்கே!

அளவை மறைத்துச் சொல்லும் உண்மை, பொய்யின் உடன்பிறப்பு. தாயத்து விற்றவனிடம் சான்று கேட்ட நாம், வண்ணப் பையில் விற்பவனிடமும் கேட்போம்: "எவ்வளவு?"