சாவுக்குப் பின் கூடும் ஊர்

மனிதன் இறந்த பின் செய்ய வேண்டியவற்றை நம் தோட்டப்புறத் தமிழர் நன்கறிவர். லயத்தில் ஒரு சாவு விழுந்தால் யாருக்கும் அழைப்பு வேண்டுவதில்லை. பந்தல் எழும், குழி வெட்டுவோர் மண்வெட்டியோடு புறப்படுவர், அடுத்த வீட்டு அடுப்பிலிருந்து சோறு வரும், மரண சகாய நிதியிலிருந்து பணம் வரும். பகையாளியும் வாசலில் வந்து தலை குனிந்து நிற்பான். உற்றார் உறவினரைக் கடலுக்கு அப்பால் விட்டு வந்த ஏழை மக்கள் தமக்குத் தாமே கட்டிக்கொண்ட காப்பு இது. இதனை நாம் இகழ மாட்டோம்.

ஆயினும் ஒன்று கேட்கிறோம். அதே மனிதன் சாவதற்கு முன் ஆறு மாதம் பாயில் கிடந்தானே, அப்பொழுது இந்த ஊர் எங்கே இருந்தது?

முதல் வாரம் பழமும் ரொட்டியும் ஏந்திப் பலர் வருவர். வைத்தியர் கைவிட்டார் என்ற செய்தி பரவியதும் வருகை குறையும். என்ன பேசுவதென்ற கூச்சம் ஒரு பக்கம். நோயையும் சாவையும் கண்டு அஞ்சும் அச்சம் மறுபக்கம். சுமை முழுவதும் அவ்வீட்டுப் பெண்ணின் தலையில் விழுகிறது. சாவுக்குப் பின்னரும் இவ்விதமே. பதினாறாம் நாள் காரியத்தோடு நம் அனுதாபம் முடிகிறது. அவள் துக்கமோ பதினேழாம் நாள்தான் தொடங்குகிறது.

"நோயாளியைக் கவனிப்பது வைத்தியர் கடமையன்றோ?" என்று சிலர் ஆட்சேபிக்கலாம். தானா ராத்தாவில் ஆஸ்பத்திரி உண்டு. பெரிய சிகிச்சைக்கு ஈப்போவுக்கு மலையிறங்க வேண்டும். வைத்தியர் நோயாளியுடன் இருப்பது மாதத்தில் சில நிமிஷங்களே. எஞ்சிய நாழிகையெல்லாம் அவன் வீட்டாரோடும் அயலாரோடும் கழிகிறது. ஆதலால் சாவு பொது ஜன சுகாதாரத்தைச் சேர்ந்த விஷயமென்றும், ஊர் கூடிச் சுமக்க வேண்டியதென்றும் சமூகவியல் அறிஞர் ஆலன் கெல்லஹியர் எழுதிவருகிறார். அவருக்கு முன்னரே, 1967-இல் லண்டனில் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்த சிசிலி சாண்டர்ஸ் அம்மையார், சாகிறவன் வேதனை உடம்போடு நிற்பதன்று, மனக்கலக்கமும் குடும்பக் கவலையும் அதனுள் அடங்கும் என்று கற்பித்தார்.

இது நடக்கக்கூடியதா என ஐயுறுவோர் கேரளத்தைக் காண்க. 1993-இல் கோழிக்கோட்டு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம். ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ் குமார் முதலியோர் வலி தணிப்புச் சங்கமொன்றைத் தோற்றுவித்தனர். மார்பின் மருந்து புற்றுநோய் வலியைத் தணித்தது. ஆனால் வீட்டில் அரிசியில்லாக் குறையையும், பிள்ளையின் படிப்பு நின்ற குறையையும் எந்த மருந்து தணிக்கும்? ஆகவே, 1999 தொட்டு மலப்புறம் முதலிய ஜில்லாக்களில் அக்கம்பக்கத்தாரே குழு அமைத்தனர். வாரத்தில் இரண்டு மணி நேரமாவது ஒதுக்கக்கூடியவர் பயிற்சி பெற்று, தம் ஊர் நோயாளிகளை வீடு தேடிச் சென்று கண்டனர். செலவுக்கு ஊராரின் சிறு நன்கொடைகள் உதவின. 2008-இல் கேரள சர்க்கார் இதனைத் தன் கொள்கையாக ஏற்றது. மலேசியாவிலும் 1991-இல் நிறுவப்பட்ட ஹோஸ்பிஸ் மலேசியா தலைநகர் வட்டாரத்தில் வீடு சென்று பணி புரிகிறது. 2019 முதல் 2030 வரைக்கான தேசியக் கொள்கையும் உண்டு.

இதனால் சர்க்கார் தன் கடமையை ஊரார் தலையில் கட்டிவிடலாகாது. மருந்தும் தாதியும் தருவது சர்க்கார் கடமை; தனிமையைப் போக்குவது அயலார் கடமை. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

இன்னொரு தடையும் உண்டு. நோயின் உண்மையை நோயாளியிடம் மறைப்பதே அன்பென்று நம்மவர் எண்ணுகின்றனர். கேட்கத் துணியாதவனிடம் வலியத் திணிக்க வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் கேட்கிறவனிடம் பொய் சொல்வது எவ்வகை அன்பு? யாரைக் காண விரும்புகிறான், யாரிடம் மன்னிப்புக் கேட்க விரும்புகிறான், எங்கே கண் மூட விரும்புகிறான் என்பனவற்றைச் சொல்லும் உரிமையை அப்பொய் பறித்துவிடுகிறது. சேமநிதிக்கு வாரிசுப் பெயர் எழுதாமலே ஒருவன் இறந்தால், விதவை அலுவலகம் அலுவலகமாக அலைவதைக் கிராணி மேசையிலிருந்து நாம் காண்கிறோம். ஒரு மாலை மனம் விட்டுப் பேசியிருந்தால் அவ்வலைச்சல் பெரிதும் குறைந்திருக்கும்.

ஆகவே, தோழர்களே, புதிய ஸ்தாபனம் எதுவும் வேண்டுவதில்லை. தோட்டத்திலும் பட்டணத்திலும் உள்ள மரண சகாய நிதிகள் தம் பணியை முன்னோக்கி நீட்டினால் போதும். இறந்தவனுக்குப் பணம் கொடுக்கும் சங்கம், சாகிறவனுக்கு ஆள் கொடுக்கட்டும். திங்களிரவு ஒருவர் துணையிருக்கட்டும். செவ்வாய் ஒருவர் கஞ்சி காய்ச்சட்டும். மாதமொருமுறை ஒருவர் ஆஸ்பத்திரிக்கு வண்டி ஓட்டட்டும். பதினேழாம் நாளும் ஒருவர் அவ்வீட்டுக் கதவைத் தட்டட்டும்.

பிணத்தைத் தூக்க நால்வர் வருவது வழக்கம். உயிருள்ளவனைத் திருப்பிப் படுக்க வைக்க இருவர் வருவதே அறம்.