செட் பேக்கரின் காது

ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் செட் பேக்கர் சாதகமே செய்யமாட்டார் என்று ஜாஸ் ரசிகர்கள் ஒருவிதப் பெருமையோடு சொல்வார்கள். நொட்டேஷன் படிப்பதிலும் அவருக்குப் பெரிய தேர்ச்சி கிடையாது. எல்லாம் கேள்வி ஞானம். 1952-ல் லாஸ் ஏஞ்சலிஸில் சாக்ஸஃபோன் மேதை சார்லி பார்க்கரே அவரைத் தன்னோடு வாசிக்கச் சேர்த்துக்கொண்டார். அதே ஆண்டு, இன்னொரு சாக்ஸஃபோன் கலைஞரான ஜெரி மல்லிகனின் பியானோ இல்லாத நால்வர் குழுவில் பெயர் பெற்றார். அப்போது வயது 22. சாதகத்துக்குச் சோம்பல்படுகிறவர்களுக்கு இதைவிட இதமான கதை வேண்டுமா?

ஆனால் ட்ரம்பெட் அப்படி விட்டுவிடுகிற வாத்தியமல்ல. அதில் இருப்பது மூன்றே வால்வுகள். ஒன்றையும் அழுத்தாமலே ஐந்தாறு சுரங்களை எழுப்பலாம். எது ஒலிக்கும் என்பது மூச்சையும் உதட்டின் இறுக்கத்தையும் பொறுத்தது. ஊதுவதற்கு முன்பே அந்தச் சுரம் உள்ளே கேட்டாக வேண்டும். தவறினால் பக்கத்துச் சுரம் வந்து நிற்கும். காதுக்கு ஒரு வேலை, உதட்டுக்கு ஒரு வேலை. உதடோ வெறும் தசை, சில நாள் விட்டாலே தளர்ந்துவிடும்.

இன்னொரு ட்ரம்பெட் கலைஞரான கிளிஃபோர்ட் பிரவுன் இரண்டையும் விடாமல் வளர்த்தவர். வில்மிங்டனில் பாய்ஸி லவரி என்ற ஆசிரியர், ஜாஸின் சுர அடுக்குகளைக் காதால் பிடிக்க அவருக்குக் கற்றுத்தந்தார். 1950-ல் ஒரு கார் விபத்து அவரைப் பல மாதம் படுக்கையில் போட்டது. மீண்டு எழுந்து ஓயாமல் ஊதினார். 1956-ல் இன்னொரு கார் விபத்து 25 வயதில் அவரைக் கொண்டுபோயிற்று. பதிவுகளில் துளிச் சிரமமும் தெரியாது. அதனாலேயே அவரையும் பிறவி மேதை என்று சொல்லி, அத்தனை உழைப்பையும் கணக்கிலிருந்து தள்ளிவிடுகிறோம்.

பேக்கருக்குக் கணக்கு 1966-க்குப் பிறகு வந்தது. போதைப் பழக்கத்தால் ஏற்கெனவே கெட்டிருந்த வாய், சிலர் தாக்கியதில் சிதைந்தது. கடைசியில் பொய்ப்பல். ட்ரம்பெட்டின் வாய்முனையை அழுத்திப் பிடிக்கத் தாங்கல் தருவதே முன்பற்கள்தாம். சாதகம் செய்யாதவர் என்று பெயரெடுத்தவர் பாலபாடத்திலிருந்து தொடங்கவேண்டியதாயிற்று. 1973-ல்தான் நியூயார்க் மேடைக்குத் திரும்பினார்.

அந்த இடைப்பட்ட ஆண்டுகள்தான் என்னை யோசிக்கவைக்கின்றன. காது அப்படியே இருந்தது. அதுதான் கொடுமையாக இருந்திருக்கும். புதிதாகக் கற்கிற பையனுக்குத் தன் வாசிப்பு எவ்வளவு மோசம் என்று முழுசாகத் தெரியாது. பேக்கருக்கு ஒவ்வொரு சுரத்திலும் தெரிந்திருக்கும். திறமை என்று நாம் சொல்வது அந்த நாட்களில் அவருக்கு எதையும் எளிதாக்கவில்லை. எங்கே போய்ச் சேரவேண்டும் என்பதை மட்டும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

எனக்கு அவருடைய பிற்காலப் பதிவுகளே பிடிக்கும். வேகம் குறைவு, சில இடங்களில் காற்று கசியும். ஆனால் வேண்டாத சுரம் ஒன்றுகூட இராது.

பிள்ளைக்குச் சங்கீதத் திறமை இருக்கிறதா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: தப்பாக வாசிக்கும்போது, நீங்கள் சொல்வதற்கு முன்பே நிறுத்திவிடுகிறானா?