கண்டடைதலும் கைப்பற்றலும்

ஒரு பொருள் நமது கைக்கு வந்துவிட்டால், அதனை நாம் கண்டடைந்துவிட்டோம் எனக் கொள்ளலாமா? பூங்காக்களில் மறைத்துவைக்கப்பட்ட சிறு பெட்டிகளைத் தேடும் விளையாட்டொன்று இவ்வினாவை எழுப்புகின்றது.

2000ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் திகதி, ஜி.பி.எஸ். செய்மதிகளின் சமிக்ஞைகளில் வேண்டுமென்றே புகுத்தப்பட்டிருந்த பிழையை அமெரிக்க அரசாங்கம் நீக்கியது. இராணுவத்துக்கென உருவான சாதனம், சாதாரண மனிதனுக்கும் துல்லியமாக வழிகாட்டத் தொடங்கிற்று. மறுநாளே ஒறிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியிற் சில பொருள்களை இட்டு மறைத்து, அவ்விடத்தின் அகலக்கோட்டு, நெடுங்கோட்டு எண்களை உலகறிய வெளியிட்டார். எடுப்பவர் தாமும் ஏதேனும் ஒன்றை வைத்துச் செல்லவேண்டும் என்றார். ஜியோகாஷிங் இவ்வாறு பிறந்தது. இன்று உலகெங்கும் இத்தகைய பெட்டிகள் இலட்சக்கணக்கில் உள்ளன.

இவற்றுட் சிலவற்றின் இடம் நேராகச் சொல்லப்படுவதில்லை. மறைத்தவர் ஒரு புதிரைத் தருவார். அதை அவிழ்த்தவருக்கே உண்மையான இடம் புலப்படும். அங்கே கிடைப்பதோ ஒரு டப்பாவும் அதனுள் ஒரு சிறு குறிப்பேடுமே. பெயரையும் திகதியையும் எழுதிவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துத் திரும்பவேண்டும்.

விடையறிந்தவர் அதனை நண்பருக்குச் சொல்லிவிட்டால், அந்நண்பரும் சென்று பெயரெழுதலாம். பெட்டி அங்கேயே இருக்கின்றது. எவருடைய உடைமையும் குறையவில்லை. அப்படியாயிற் குற்றம் எங்கே?

இங்கிலாந்தின் அனுபவம் ஒன்றை நோக்குவோம். 1979இல் கிற் வில்லியம்ஸ் என்ற ஓவியர், ‘மாஸ்கரேட்’ என்னும் சித்திரநூலில் ஒரு புதிரைப் பொதிந்துவைத்து, பொன்முயலொன்றை அம்ப்ட்ஹில் பூங்காவிற் புதைத்தார். 1982இல் புனைபெயருடன் வந்த ஒருவர் அதனைப் பெற்றார். புதிரை அவிழ்க்காமல், ஓவியரை நெருங்கி அறிந்தவர் வழியாகக் கசிந்த தகவலைக் கொண்டே அவர் அவ்விடத்தை நெருங்கினார் என 1988இற் பத்திரிகையொன்று வெளிப்படுத்தியது. புதிரை முறையாக அவிழ்த்தவர்கள் பௌதிகவியல் ஆசிரியர் இருவர். அவர்கள் அதே இடத்தைத் தோண்டியும் முயல் கண்ணிற் படவில்லை. பொன் ஒருவரிடம் போயிற்று. கண்டடைந்த பெருமை வேறிருவருக்கே உரியது என்போம்.

அறிவைப் பொதுவாக்குவதே முற்போக்கு அன்றோ, விடையை மறைப்பது தனியுரிமை அன்றோ எனச் சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆயினும் வேறுபாடு ஒன்றுண்டு. நோய் தீர்க்கும் மருந்தின் இரகசியத்தைப் பூட்டிவைப்பது கொடுமை. ஏனெனில் மருந்தை யார் ஆக்கினாலும் நோயாளி பிழைப்பான். புதிரின் பயன் அத்தகையதன்று. தேடும் உழைப்பினால் அறிவு கூர்மையடைவதும், நாள்தோறும் கடந்துசென்ற பூங்காவின் மரத்தையும் நினைவுக்கல்லையும் முதன்முறையாக உற்றுநோக்குவதுமே அதன் பயன். விடையை வாங்கிக்கொண்டவன் அப்பயனையே இழக்கின்றான். கூடித் தேடுவது வேறு. அவ்வாசிரியர் இருவரும் கூடியே தேடினர். உழைப்பைப் பகிர்வது தோழமை. உழைப்பின்றிப் பெயரை மட்டும் பெறுவது, பிறர் உழைப்பின்மேல் நின்று உயரமானவன் போல நடிப்பதாகும்.

பொன்முயலுக்காகப் பொய்யுரைத்தவனுக்குப் பொன்னாசை என்ற காரணமாவது இருந்தது. கடதாசித் துண்டொன்றில் பெயரெழுதுவதற்காகவும் மனிதன் ஏமாற்றுகின்றான் எனில், உழைப்பை விட்டு வெற்றியை மட்டும் போற்றும் சமுதாயம் விளையாட்டுக்குள்ளும் புகுந்துவிட்டது என்பதே பொருள்.

அப்பெட்டிக்குக் காவலாளி இல்லை. யாரும் அதனைத் தூக்கிச் செல்லலாம், பொய்யும் எழுதலாம். இருந்தும் முன்பின் அறியாத மனிதர்கள் அதனைத் திறந்து, மெய்யை எழுதி, அடுத்து வருபவனுக்காக மூடிவைத்துச் செல்கின்றனர். பொதுவுடைமையைக் காக்க மனிதனால் இயலாது என்போர் அந்தக் குறிப்பேட்டின் பக்கங்களையும் சற்றுப் புரட்டிப் பார்ப்பாராக.